வாப்பா தூங்கும் நேரம்

1

இந்த வருடம் விசா புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, விசா வேலைகளைக் கவனிக்கும் பள்ளியின் பி.ஆர்.ஓ. என்னை ராஸ் அல் கைமா பழைய பஜார் பக்கம் இருக்கும் ஒரு டைப்பிங் சென்டருக்கு அனுப்பினார். ஊரில் டைப்பிங் சென்டர் என்றால் தட்டச்சு படிக்கிற இடம். இங்கே அது, அரசாங்கத்துக்குப் போகும் விண்ணப்பங்களை அரபியில் அடித்துக் கொடுக்கும் கடை. கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த மலப்புரத்துக்காரர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பிறகு பள்ளி கொடுத்த தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மேடம் டீச்சரா?"

"டீச்சர்தான். ஆனா கிளாஸ் எடுக்கிறதில்ல."

"அப்போ டாக்டரா?"

"அதுவும் இல்ல. ஸ்பெஷல் எஜுகேஷன் கோஆர்டினேட்டர்."

அவர் மௌஸை உருட்டி உருட்டிப் பார்த்தார். அவருடைய கம்ப்யூட்டரில் வெல்டர் இருந்தார், ஒட்டகம் மேய்ப்பவர்கூட இருந்தார், நான் மட்டும் இல்லை. "வெறும் கோஆர்டினேட்டர்னு போட்டா மதியா, போதுமா?" என்றார். போடுங்கள் என்றேன். அரபியில் என்ன வந்திருக்கிறது என்று கேட்டதற்கு, "எல்லாரையும் சேத்து வச்சு காரியம் நடத்துற ஆள்" என்று விளக்கம் சொன்னார். பரவாயில்லை, என் மதினியைவிட அந்தக் கம்ப்யூட்டருக்கு என் வேலை கொஞ்சம் புரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மதினி கோவில்பட்டியில் இருக்கிறாள், என் அண்ணன் மனைவி. ஒவ்வொரு லீவுக்கும் போய் இறங்கியதும் காபியோடு சேர்த்து அதே கேள்வியைக் கொடுப்பாள். "இங்க திருநவேலியில அந்தப் பிள்ளைகளத்தான பாத்துக்கிட்டிருந்த. அங்க பிளேன் ஏறிப் போயும் அதே பிள்ளைகளத்தான் பாக்கியா வசந்தி?" ஆமாம் மதினி, அதே பிள்ளைகள்தான் என்பேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சிறப்புப் பள்ளியில் நான் வேலை பார்த்தது அவளுக்குத் தெரியும். இங்கே நான் இருப்பது சாதாரணப் பள்ளியில். சாதாரணப் பள்ளியில் ஏன் அந்தப் பிள்ளைகள் என்பதை அவளுக்கு விளக்குவதற்குள் காபி ஆறிவிடும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மதினிக்கும், மதினியைப் போலக் கேட்கிற மற்றவர்களுக்கும்.

எங்கள் நிர்வாகத்துக்கு வடக்கு எமிரேட்டுகளில் மூன்று பள்ளிகள். மூன்றுக்கும் சேர்த்து நான் ஒரே ஆள். படிப்பு ஏறாத பிள்ளை, ஓரிடத்தில் உட்காராத பிள்ளை, பேசாத பிள்ளை, பேச்சை நிறுத்தாத பிள்ளை என்று யாரைப் பற்றியாவது வகுப்பாசிரியை கவலைப்பட்டால் என்னிடம் அனுப்புவார். நான் உட்கார்ந்து பார்ப்பேன். என்ன உதவி வேண்டும், யார் செய்வது, எந்த அறையில், எந்த நேரத்தில் என்றெல்லாம் ஏற்பாடு செய்வேன். ஆசிரியை "என்னால் முடியவில்லை" என்பார், பெற்றோர் "எங்கள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை" என்பார்கள். நடுவில் நின்று இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொள்வதுதான் கோஆர்டினேட்டர் வேலை. இந்த நாட்டில் இப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கமே 'மன உறுதி கொண்டவர்கள்' என்று பெயர் வைத்திருக்கிறது. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். ஆனால் பிள்ளைகளைவிட அவர்களுடைய அம்மாக்களுக்குத்தான் அது பொருத்தம் என்று பல நாள் தோன்றியிருக்கிறது.

2

ஜைனப் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். ஏழு வயது. கீழக்கரைக் குடும்பம். வாப்பா காதர் பாய்க்குப் பழைய பஜாரில் துணிக்கடை. கடை என்றால் முதலாளி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மச்சானோடு கூட்டு, வேலைக்கு ஆள் கிடையாது, தாமே துணி கிழித்து, தாமே பில் போட வேண்டும். உம்மாவின் பெயர் ரஹ்மத். அவரைப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை.

ஜைனபின் வகுப்பாசிரியை ஷீலா மிஸ் பொறுமைசாலி. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தொண்டை கட்டிப்போய், ஃபிளாஸ்கில் இஞ்சித் தண்ணீரோடு அலைபவர். அவர் என்னிடம் வந்து சொன்னது இதுதான்: "ஒரு வார்த்தை பேசுவதில்லை. கேட்டால் உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வருவதில்லை. எழுத்தும் சரியாக வரவில்லை. போன வருடமும் இப்படித்தான், கேஜியிலும் இப்படித்தானாம். மூன்றாம் வகுப்புக்கு எப்படி அனுப்புவது?"

நானும் பார்த்தேன். என் அறையில் படங்களை விரித்து வைத்து ஆங்கிலத்தில் கேட்டேன், பிறகு தமிழில் கேட்டேன். ஏசி கடகடத்துக்கொண்டிருந்தது, வெளியே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஜைனப் என் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள். உதடு அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதைப் பரிசோதிக்கச் சொன்னோம், காது நன்றாக இருந்தது. வெளியில் ஒரு கிளினிக்கில் பரிசோதித்த பெண்மணி, பேச்சிலும் புரிதலிலும் பெரிய பின்தங்கல் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். கேள்விக்கெல்லாம் பதில் வராவிட்டால் அப்படித்தான் எழுத முடியும். அவர் மேல் தப்பில்லை.

காதர் பாயைக் கூப்பிட்டோம். கடை அடைக்கும் மதிய இடைவேளையில் வேர்த்து விறுவிறுத்து வந்தார். பிரின்சிபல் அறையில் கூட்டம் என்றால் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பேசுவதைக் கிளார்க் குறித்துக்கொள்வார். காதர் பாய் எல்லாவற்றுக்கும் "யெஸ் மேடம், யெஸ் மேடம்" என்றார். வெளியே வந்ததும் என் அறை வாசலில் நின்று தமிழில் கேட்டார்.

"டீச்சர், ஒளிவு மறைவில்லாம சொல்லுங்க. புள்ள தேறுமா?"

"தேறும், தேறாதுன்னு சொல்ற விஷயம் இல்ல பாய். என்ன உதவி வேணும்னு பாக்கணும். வீட்ல பேசுவாளா?"

அவர் யோசித்தார். தன் பிள்ளை பேசுமா என்ற கேள்விக்கு ஒரு மனிதர் அவ்வளவு நேரம் யோசித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நான் காலைல போகும்போது ஸ்கூலுக்குக் கெளம்பிட்டு இருக்கும். ராத்திரி கடை அடச்சு வரும்போது தூங்கிருக்கும். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா அசர் தொழுகைப் பாங்குக்கு எந்திரிச்சுத் திரும்பக் கடை. எங்க டீச்சர் பேசுறது? அவ உம்மாட்ட பேசும்னு நெனைக்கேன்."

"உம்மாவ ஒரு தடவ கூட்டிட்டு வாங்களேன்."

"அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது டீச்சர். கேஜில வீட்ல இங்கிலீஷ்ல பேசுங்கன்னு சொன்னதுலேர்ந்து அவ புள்ளைட்ட பேசுறதையே கொறச்சுட்டா. பேசிப் பேசிக் கெடுத்துட்டோம்னு பேர் வரும்னு பயம்."

இதை அவர் ஒரு தகவலைப் போலச் சொன்னார். பிள்ளையின் நல்லதுக்காக ஒரு அம்மா வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், அதற்கு யாரும் அவளை ஒரு நாள் பாராட்டியதுகூட இல்லை.

அவர் முடிவு செய்துதான் வந்திருந்தார். வருடக் கடைசியில் நான் பிரின்சிபலுக்கு ஒரு பரிந்துரை கொடுக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் ஜைனபுக்குத் தேவையானதை இந்தப் பள்ளி கொடுக்க முடியும் அல்லது முடியாது என்று அதில் எழுத வேண்டும். முடியாது என்று நான் எழுதினால் குடும்ப விசாவைக் கேன்சல் பண்ணி, மனைவியையும் மகளையும் கீழக்கரைக்கு அனுப்பிவிட்டு, தாம் ஒரு பெட் ஸ்பேஸில், அதாவது பல பேர் தங்கும் அறையில் ஒரு வாடகைக் கட்டிலில், போய்ப் படுத்துக்கொள்வது என்று திட்டம். அவர் பல வருடம் அப்படி இருந்துவிட்டு, ஜைனப் பிறந்த பிறகுதான் குடும்பத்தைக் கொண்டுவந்தவர்.

"கலாஸ்னு முடிச்சுட்டாப் போச்சு டீச்சர். ஊர்ல நாலு பேர் பாத்துக்குவாங்க," என்றார். அப்படிச் சொன்னவருடைய கண் கலங்கியிருந்தது. போய்விட்டார், கடை திறக்க வேண்டும்.

3

பிரின்சிபல் எர்ணாகுளத்துக்காரர். குரல் மைதானத்தின் அந்தப் பக்கம்வரை கேட்கும். அசெம்பிளியில் மைக் ரிப்பேரானால் நாங்கள் யாரும் கவலைப்படுவதில்லை. நல்ல மனுஷி, ஆனால் பள்ளியில் உதவி ஆசிரியைகள் இரண்டு பேர்தான், காத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. "வசந்தி, பேசவே செய்யாத குட்டிக்கு நம்மால் என்ன கொடுக்க முடியும்? முடியாததை முடியும் என்று எழுதி அந்த ஆளை ஏமாற்றக் கூடாது," என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உம்மாவைப் பார்க்காமல் என்னால் எதையும் எழுத முடியாது, வீட்டுக்குப் போய் வருகிறேன் என்றேன். அப்படி ஒரு வழக்கம் எங்கள் பள்ளியில் இல்லை. நிர்வாகத்துக்கு மெயில், நிர்வாகத்திடமிருந்து மெயில், பெற்றோர் சம்மதம் என்று ஒரு வாரம் ஓடி, கடைசியில் அனுமதி வந்தது.

பள்ளி விட்டு, பிள்ளைகள் பஸ்களெல்லாம் போன பிறகு கிளம்பினேன். பஜாருக்குப் பின்னால் பழைய கட்டடம், இரண்டாவது மாடி. காலிங் பெல்லின் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கதவைத் தட்டக் கையை ஓங்கும்போதே கதவு திறந்தது. ரஹ்மத் உள்ளே நின்றிருந்தார். முப்பது வயது இருக்கலாம். உதட்டின் மேல் விரலை வைத்துச் சிரித்தார். பிறகு கிசுகிசுப்பாகச் சொன்னார்:

"வாங்க டீச்சர். அவங்க தூங்குறாங்க."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன், எனக்கே ஏன் என்று தெரியவில்லை. ஒரே அறை, ஒரு சின்ன ஹால், அடுப்படி. அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே காதர் பாய் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஓடும் ஏசியின் குளிர் ஹாலுக்கும் வர வேண்டும் என்பதால் கதவைச் சாத்த முடியாது. ரஹ்மத் என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போனார்.

அடுப்படியில் ஜைனப் பள்ளிச் சீருடையோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எவர்சில்வர் தட்டு இல்லை, பிளாஸ்டிக் தட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள். கதவின் ரப்பரை ஒரு விரலால் பிரித்து, பிறகு மெதுவாக இழுத்தாள், சத்தமே வரவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து, டம்ளரை மேடையில் வைக்காமல் என் கையில் கொடுத்தாள். ரஹ்மத் குழம்புச் சட்டியின் மூடியைத் துணி வைத்துத் திறந்தார். மதியம் குக்கர் வைப்பதில்லை, மிக்ஸி போடுவதில்லை, எல்லாம் அவர் கடைக்குப் போன பிறகுதான் என்று சொன்னார். எல்லாம் கிசுகிசுப்பு.

அப்போது ஜைனப் உம்மாவின் தலைத்துணியை இழுத்து, காதோடு வாய் வைத்தாள். அடுப்படி அவ்வளவு நிசப்தமாக இருந்ததால் எனக்கும் கேட்டது.

"உம்மா, இவங்கதான் படம் காட்டுற மிஸ். அன்னைக்கு யானைப் படம் காட்டுனாங்க. நான் யானைன்னு சொன்னேன். அவங்களுக்குக் கேக்கல. திரும்பவும் அதையே கேட்டாங்க. பாவம் உம்மா, இவங்களுக்குக் காது சரியில்ல போல."

நான் டம்ளரைக் கீழே போடாமல் இருந்ததே பெரிது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, என்னால் முடிந்த அளவு சின்னக் குரலில், "யானை வேற என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன். அவள் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் தொடங்கினாள். யானை, பஸ்ஸில் வரும் பெரிய பெண், அவள் தினமும் பறித்துக்கொள்ளும் ஜன்னல் சீட், ஷீலா மிஸ்ஸின் இஞ்சித் தண்ணீர் என்று எல்லாம் வந்தது. சில இடத்தில் வார்த்தை கிடைக்காமல் தடுமாறினாள். நேற்று, நாளை என்பதெல்லாம் குழம்பியது. ஒரு விஷயத்தை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினாள். அவளுக்குச் சிரமம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், சிரமம் இருந்தது. ஆனால் பேசினாள். மூச்சு விடாமல், காற்றைப் போன்ற குரலில் பேசிக்கொண்டே இருந்தாள்.

"எப்பவும் இப்படியா?" என்று ரஹ்மத்தைக் கேட்டேன்.

"ஸ்கூல்லேர்ந்து வந்தா இப்படித்தான் டீச்சர் காதக் கடிக்கும். நான் ரொம்பப் பதில் சொல்ல மாட்டேன், தமிழ்ல பேசிறக் கூடாதுல்ல. அவங்க கடைக்குப் போனப்புறம் ஓதிட்டு, ஹோம்வொர்க் எழுதிட்டு, அப்படியே தூங்கிரும்." பிறகு தயங்கிக் கேட்டார், "ஸ்கூல்ல சத்தம் போடாம இருக்கும்ல? அடக்கமா இருக்கணும்னு சொல்லித்தான் அனுப்புறேன்."

அடக்கத்தில் அவள்தான் பள்ளிக்கே முதல் என்றேன்.

4

எங்கள் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். இரவு டிரிப் முடித்துக் காலையில் வந்து ஹாலின் நடுவில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். எங்கள் தெருவில் இரண்டு மாவு மில், போதாக்குறைக்கு நாங்கள் மூன்று பிள்ளைகள். அவரைத் தாண்டித் தாண்டி ஓடுவோம், சண்டை போடுவோம், சில சமயம் அவர் மேலேயே விழுவோம். புரண்டு படுப்பார், அவ்வளவுதான். கரண்ட் போய் மில் நின்றால்தான் "என்னட்டி சத்தத்தையே காணோம்" என்று எழுந்திருப்பார்.

இங்கே வந்த பிறகுதான் ஒருவருடைய தூக்கத்துக்கு ஒரு குடும்பமே காவல் இருப்பதைப் பார்த்தேன். வளைகுடாவில் எந்த வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். கடைக்காரர்களுக்கு மதியத் தூக்கம், செக்யூரிட்டிகளுக்குப் பகல் தூக்கம். தொழிலாளர் கேம்ப்பில் ஒரே அறையில் நைட் டூட்டிக்காரர் படுத்திருக்க, டே டூட்டிக்காரர் இருட்டில் சட்டையைத் தேடுவார். தூக்கம் கெட்டால் டூட்டி கெடும், டூட்டி கெட்டால் என்னவெல்லாம் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலேயே குரல் இறங்கிவிடுகிறது.

என் வீட்டிலும் அதே கதைதான். என் கணவர் செராமிக் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கிறார். அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போது ஃபோன் அதிர்ந்தது. அடுத்த அறையிலிருந்து மகள் நிலா ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்பியிருந்தாள்: அப்பா எழுந்தாச்சா, டிவி போடலாமா? பதினைந்து வயது. காதில் மாட்டிய ஹெட்ஃபோனைக் கழற்றுவதில்லை. தமிழில் பேசு என்று நான் அவளிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன், அந்தச் சண்டையையும் கிசுகிசுப்பாகத்தான் போட்டிருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது. நேராக அவள் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து ஜைனப் கதையைச் சொன்னேன். ஹெட்ஃபோனைக் கழற்றினாள். முழுதும் கேட்டுவிட்டு, "ஸோ ஸேட், அம்மா," என்றவள், கொஞ்சம் பொறுத்துத் தமிழில், "அந்தக் குட்டி பாவம்," என்றாள். அவளுக்குத் தமிழில் வருவது குறைவு. அன்றைக்கு அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

5

அன்று நான் ஜைனபின் வீட்டில் இருக்கும்போதே, அசர் பாங்கு கேட்டுக் காதர் பாய் எழுந்து வந்திருந்தார். அடுப்படித் தரையில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றவர், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"என் தூக்கமா டீச்சர் புள்ள வாய அடச்சுச்சு?"

"அப்படி இல்ல பாய். அவளுக்குப் படிப்புல சிரமம் இருக்கு, அது எப்படி இருந்தாலும் இருக்கும். அதுக்கு நாங்க இருக்கோம். ஆனா அவ பேச மாட்டாள்னு நாங்க நெனச்சது தப்பு. நாங்க கேக்கல, அவ்வளவுதான்."

"அப்ப மத்தியானம் நான் கடை குடோன்லயே படுத்துக்கிறேன். துணிக்கட்டு மேல படுத்தாலும் எனக்குத் தூக்கம் வரும். நீங்க சத்தம் போட்டுப் பேசுங்க."

அதுவரை கிசுகிசுத்துக்கொண்டிருந்த ரஹ்மத்தின் குரல் அப்போதுதான் முதல்முறையாக உயர்ந்தது. "வேணாங்க. நீங்க முழிச்சிருக்கும்போது புள்ள உங்களப் பாக்கிறதே அபூர்வம். தூங்குற மொகத்தையாவது பாத்துட்டுப் போகட்டும். இங்கேயே தூங்குங்க."

காதர் பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, இங்கேயே படுக்கிறேன். நீங்க என்ன சத்தம் வேணா போடுங்க. வந்த புதுசுல சைட்ல ஜெனரேட்டர் பக்கத்துல படுத்துத் தூங்குனவன் நான்."

மறுவாரம் என் அறையில் ஏசியை நிறுத்தி, கதவைச் சாத்தி, ஜைனபைப் பக்கத்தில் உட்காரவைத்து, கிசுகிசுப்பாகத் தமிழில் மறுபடி எல்லாம் கேட்டேன். கேட்டதில் பாதிக்குமேல் பதில் வந்தது. கிளினிக் பெண்மணியிடம் சொன்னேன், அவரும் வந்து அப்படியே செய்து பார்த்தார், அறிக்கையை மாற்றி எழுதினார். பிரின்சிபலிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "நல்லதுதான். ஆனால் முப்பது பிள்ளைகள் இருக்கும் கிளாஸில் கிசுகிசுப்பை யார் கேட்பது? இவள் என்னிடம் இல்லாவிட்டாலும் ஷீலாவிடமாவது சத்தமாக வாய் திறக்கட்டும். வருடக் கடைசியில் ரிவ்யூ வைப்போம். அப்போதும் இப்படியே இருந்தால் நான் என்ன செய்ய?" என்றார். அதற்குமேல் இறங்கிவர அவரால் முடியாது. முடியும் என்றே என் பரிந்துரையை எழுதினேன், அவர் கையெழுத்து மட்டும் பாக்கி.

வீட்டுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தேன். தினமும் ஜைனப் வந்ததும் உம்மா தமிழிலேயே, நல்ல குரலில் அவளோடு பேச வேண்டும். யார் என்ன சொன்னாலும் என் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். நினைத்தது போல அது லேசாக இல்லை. ரஹ்மத்தே பழக்கத்தை விட முடியாமல் திண்டாடினார். சத்தமாகப் பேச வரவில்லை, மிக்ஸிச் சத்தத்திலாவது குரல் ஏறட்டும் என்று ஒருநாள் வேண்டுமென்றே மதியம் மூன்று மணிக்கு மிக்ஸியைப் போட்டிருக்கிறார். ஜைனப் பதறிப்போய் அறைக்குள் ஓடி, கட்டிலில் ஏறி, தூங்கும் வாப்பாவின் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். காதர் பாய் கண் திறக்கவில்லை.

"தூங்கலங்க டீச்சர்," என்று பிறகு ஃபோனில் ஒப்புக்கொண்டார். "அது கையெடுத்துறக் கூடாதேன்னு அப்படியே கெடந்தேன்."

வகுப்பில் ஷீலா மிஸ் அவளை முதல் வரிசைக்கு மாற்றினார். பக்கத்தில் போகும்போதெல்லாம் குனிந்து காதைக் கொடுப்பார். சில வார்த்தைகள் கிடைத்தன. எழுத்துக்கு உதவி ஆசிரியை தனியாக நேரம் ஒதுக்கினார். ஆனால் அடுத்த பெஞ்சுக்குக் கேட்கும்படி ஒரு சொல்லும் வரவில்லை. ரிவ்யூ நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போய்விட்டது. காதர் பாய் விமான டிக்கெட் விசாரித்து வைத்திருக்கிறார் என்று ரஹ்மத் சொன்னார்.

6

ரிவ்யூ பள்ளி விட்ட பிறகு நடந்தது. காதர் பாய்க்கு வேறு நேரம் இல்லை, அவருடைய தூங்கும் நேரத்தில்தான் வைத்தோம். மூன்று பேரும் வந்தார்கள். ரஹ்மத் பள்ளிக்குள் காலடி வைப்பது அதுதான் முதல் தடவை. பிரின்சிபல் அறையில் நல்ல குளிர். பெரிய சோஃபாவில் ஒரு ஓரம் காதர் பாய், நடுவில் ஜைனப், அடுத்து ரஹ்மத். எதிரே ஷீலா மிஸ்ஸும் நானும். கூட்டம் தமிழிலும் நடக்கட்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். பிரின்சிபலுக்குத் தமிழ் நன்றாகவே புரியும்.

ஷீலா மிஸ் செய்ததையெல்லாம் சொன்னார். நான் சொன்னேன். பிரின்சிபல் ஜைனபைப் பார்த்துப் பெயரைக் கேட்டார், பிடித்த பாடம் எது என்று கேட்டார். உதடு அசைந்தது. பிரின்சிபலுக்குக் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டு, காதர் பாய்க்கும் புரிய வேண்டுமே என்று மைதானத்துக் குரலில் தொடங்கினார். "மிஸ்டர் காதர், உங்களுக்கு நான் உண்மையைச் சொல்லணும். அடுத்த வருஷம் பாடம் கடினம்."

காதர் பாயிடமிருந்து பதில் இல்லை. தலை சோஃபாவின் முதுகில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. காலையிலிருந்து நின்றவர், குளிர் அறை, மெத்தை சோஃபா, தினமும் தூங்கும் நேரம் வேறு. நன்றாகத் தூங்கிவிட்டார்.

பிரின்சிபல் கவனிக்கவில்லை, தொடர்ந்து பேசினார். ஜைனப் திரும்பி வாப்பாவைப் பார்த்தாள். பிறகு பிரின்சிபலைப் பார்த்து ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். அதுவும் கேட்கவில்லை. பிரின்சிபலின் குரல் இன்னும் ஏறியது. ஜைனப் சோஃபாவிலிருந்து இறங்கி, மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மேம், மெதுவா பேசுங்க. வாப்பா தூங்குறாங்க."

அறை முழுதும் கேட்டது. வெளியே இருந்த கிளார்க்குக்கும் கேட்டிருக்க வேண்டும், எட்டிப் பார்த்தார். கரகரவென்று, இதுவரை புழங்காத குரல். சொல்லி முடித்ததும் அவளே பயந்து வாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், எழுப்பிவிட்டோமோ என்று. காதர் பாய் அசையவில்லை. ரஹ்மத் தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். ஷீலா மிஸ்ஸின் கண்ணில் நீர் வழிந்தது.

பிரின்சிபல் முன்னால் குனிந்து, அவரிடம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாத ஒரு சின்னக் குரலில், "சாரி மோளே," என்றார். என் பக்கம் திரும்பி, அதே குரலில், "எங்கே கையெழுத்துப் போடணும் வசந்தி?" என்று கேட்டார். காட்டினேன். பேனா தாளில் ஓடும் சத்தம்கூடக் கேட்டது.

மூன்றாம் வகுப்பில் எந்த ஆசிரியை, எந்த நேரம் தனிப் பாடம், யார் வீட்டோடு பேசுவது என்று மீதியையெல்லாம் நாங்கள் கிசுகிசுப்பாகவே பேசி முடித்தோம். ஜைனப் நடுவில் நின்று யார் குரலும் ஏறாமல் பார்த்துக்கொண்டாள். காதர் பாயை யாரும் எழுப்பவில்லை. அசர் பாங்கு கேட்டதும் அவரே விழித்து, வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து, "யெஸ் மேடம்" என்றார்.

"உங்க மக இங்கதான் படிக்கப் போறா பாய்," என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. என்னையும் பிரின்சிபலையும் மாறி மாறிப் பார்த்தார். "புள்ள பேசுச்சா டீச்சர்?"

"பேசினா. எல்லாரும் கேட்டோம்."

"நான் கேக்கலியே," என்றார்.

ஜைனப் அவர் விரலைப் பிடித்து இழுத்தாள். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். படியிறங்கும்போது அவர் அவள் பக்கம் குனிந்து எதையோ கேட்டார், அவள் சொன்ன பதில் மேலே நின்ற எங்களுக்கும் தெளிவாகக் கேட்டது.